மாஸ்ட்டை இறக்காதே என்றேன்

இன்று வகுப்பில் ஜன்னல் வழியாக டீசல் புகையும் ஈரக் கல்தூளும் கலந்த வாசனை வந்தது. சட்டக் கல்லூரிக்குப் பின்னால் திருச்செங்கோட்டு ரிக் லாரி ஒன்று ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தது. தற்காப்பு என்று சொல்லி ஒரு நாடு எப்போது இன்னொரு நாட்டின் மேல் படையை ஏவலாம் என்று நான் நடத்திக்கொண்டிருந்தேன். நீ என் நினைவில் வந்து நின்ற நேரத்தைப் பார்!

வெளிநாட்டுக்கு ரிக் வேலைக்குக் கிளம்பும்போது சேலம் பஸ் ஸ்டாண்டில் கேட்டாய்: "ஏண்டா வக்கீலு, அங்க சண்டைங்கறாங்க. ஏரோப்ளேன்ல வந்து குண்டு போட்டா கேக்கறதுக்கு ஆளிருக்குதா?"

"இருக்குதுடா. உலகமே கையெழுத்துப் போட்டிருக்குது" என்றேன். நீ சிரித்தாய்; ஆனால் நம்பிவிட்டாய், பாவி.

லாரி மேல் நிமிர்ந்து நிற்கும் இரும்புக் கோபுரத்தை மாஸ்ட் என்பீர்கள். பூசை போட்டுத் தூக்கிவிட்டால் தண்ணீர் பார்க்காமல் அதை இறக்க மாட்டீர்கள். அந்த வழக்கத்தோடு போன இடத்திலிருந்து ஒரு நாள் போன் செய்தாய்.

"ஏரோப்ளேன்லருந்து பாத்தா மாஸ்ட்டு ராக்கெட்டாட்டத் தெரியுமாம். இறக்குங்கறாங்க ஊர்க்காரங்க. இன்னும் புழுதிதான் வருது. என்ன பண்ணட்டும்?"

விடைத்தாள் திருத்திக்கொண்டே சொன்னேன்: "இறக்காதே. குடிதண்ணி எடுக்கற எடத்துல குண்டு போட்டா போர்க்குற்றம். எவனும் தொட மாட்டான்."

மறுநாளே தொட்டார்கள். ஏவுகணை மேடை என்று நினைத்தோம், தற்காப்புக்காகத் தாக்கினோம், வருந்துகிறோம் என்று உலக நாடுகள் சபைக்கு எழுதினார்கள். நான் படித்ததிலேயே பிழையில்லாத கடிதம் அது.

உன் சவப்பெட்டியைத் தூக்கிய நான்கு பேருக்கும் கனமே தெரியவில்லை. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏஞ்சாமி, நீ படிச்சவனாச்சே, ஆரப் போயிக் கேக்கறது?" என்றார். கையை விடுவித்துக்கொண்டு கிளம்பினேன். ஆறு மாதமாக உன் தெருப் பக்கமே போகவில்லை.

போன பருவத் தேர்வில் உன்னையே கேள்வியாக வைத்தேன். போர் நடக்கும் ஊரில் குடிநீருக்கு ரிக் ஓட்டுபவனுக்கு என்ன பாதுகாப்பு? எல்லோரும் சட்டப் பிரிவுகளை வரிசையாக எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள். தம்மம்பட்டிப் பெண் ஒருத்தி மட்டும் ஒரே வரி எழுதியிருந்தாள்: "முதலில் மாஸ்ட்டை இறக்கிவிட வேண்டும்."

பாடத்தில் இல்லாத விடை. சுழியம் போட்டேன். அந்தத் தாளை மட்டும் அலுவலகத்தில் ஒப்படைக்கவில்லை, இன்னும் என் பையிலேயே கிடக்கிறது.