பூலோகம் கேஸில் நான் சொன்ன சாட்சி

அன்பு மகன் ஆதித்யனுக்கு,

தாராவியிலிருந்து அம்மா எழுதுவது. டெல்லிக் குளிர் உன்னைப் படுத்தாமல் இருக்க வேண்டும், இங்கே நானும் அப்பாவும் தங்கச்சியும் நன்றாகவே இருக்கிறோம். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், பரவாயில்லை, மெதுவாகப் படி, ஃபோனில் சொன்னால் பாதியிலேயே மீட்டிங் என்று வைத்துவிடுவாய். நீ ஃபோனில், ஜட்ஜ் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் வாயடைத்து நின்றேன், சீனியர் எல்லார் முன்னாலும் திட்டினார், வக்கீல் தொழிலே வேண்டாம் என்று அன்றைக்கு அழுதாயே, அப்பா உடனே, வரட்டும்லா, முறுக்குக் கடையைப் பாக்கட்டும் என்றுவிட்டார். என் பதிலை அப்புறம் எழுதலாம் என்று வைத்துக்கொண்டேன், ஏனென்றால் நானே சாட்சி சொல்லக் கோர்ட்டில் ஏற வேண்டியவளாக இருந்தேன்.

நம் சரக்கை ஏற்றிப்போகும் டெம்போக்காரர் பூலோகம் மாஹிம் சிக்னலில் பைக்கில் வந்த ஒரு பையனை இடித்து, அவனுக்குக் கால் முறிந்தது உனக்குத் தெரியும். சிவப்பு விளக்கில் போனார் என்று போலீஸ் கேஸ். அன்று முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவள் நான். ஜெயிலுக்குப் போயிருவேனோன்னு பயமாருக்கு யக்கா, உங்க வாயைத்தான் நம்பியிருக்கேன் என்று பூலோகம் வந்து நின்றபோது, பச்சை விளக்கை என் கண்ணால பாத்தேன் என்று சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவருடைய வக்கீல் சுனாபட்டியிலிருந்து வரும் அஸ்ரின் என்ற பெண், உன் வயதுதான், பார்த்தால் காலேஜ் பிள்ளை மாதிரி. இது என்னத்தை வாதாடப்போகுது என்றுதான் நினைத்தேன். அவளோ என்னையும் பூலோகத்தையும் டெம்போவோடு அந்த சிக்னலுக்கே கூட்டிப்போய், அதே சீட்டில் என்னை உட்காரவைத்து, இப்ப விளக்கு தெரியுதா ஆன்ட்டி என்றாள். முன்னால் ஒரு பெரிய மரம், விளக்கு தெரியவே இல்லை! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் கோபப்படவில்லை, அப்ப நிஜமா என்னதான் பாத்தீங்க என்று கேட்டுவிட்டு நான் சுற்றி வளைத்துப் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டாள். கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிருங்க என்றாள், அவ்வளவுதான் பாடம்.

கூண்டில் ஏறியதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன் மக்கா. சர்க்கார் வக்கீல் ஹிந்தியில், பச்சை விளக்கைப் பார்த்தாயா என்று அதட்டினார். மரம் மறைக்குது சாப், பாக்கல என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதோடு உட்கார்ந்திருந்தால் ஜெயித்திருப்பார், ஆனால் ஆசை விடவில்லை, அப்படியானால் சிவப்பு இல்லை என்று எப்படிச் சொல்கிறாய் என்று இன்னொன்றும் கேட்டார். நான் அப்படிச் சொல்லலையே சாப், எங்க பக்கத்துல பஸ்ஸும் டாக்ஸியும் கூடவே போச்சு, குறுக்கு ரோட்டுல எல்லா வண்டியும் நின்னுச்சு, அந்தப் பையன் மட்டும் காதுல ஃபோனை வச்சுக்கிட்டு நடுவுல புகுந்து வந்தான் என்றேன். அவரே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

பிறகு வாதம் நடந்த அன்று மேஜிஸ்திரேட் அம்மா அஸ்ரினிடம் புதுச் சட்டத்தில் ஏதோ ஒரு பிரிவைக் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்தது, ஆனால் நேராக நின்று, இப்போது தெரியவில்லை மேடம், லஞ்சுக்குப் பிறகு பார்த்துச் சொல்ல அனுமதி வேண்டும் என்றாள். அந்த அம்மா தலையசைத்துவிட்டு அடுத்த கேஸைக் கூப்பிட்டார். வானம் ஒன்றும் இடிந்துவிடவில்லை ராசா. மத்தியானம் அவள் சரியாகவே சொன்னாள், போன வெள்ளிக்கிழமை பூலோகத்தை விடுதலை செய்துவிட்டார்கள். அந்த மனுஷன் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நீ வந்தால் இந்த வீட்டில் உனக்குச் சோறும் பாயும் எப்போதும் உண்டு, ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டேன். ஒன்றே ஒன்று மனதை அறுக்கிறது. அன்றைக்கு நீ கோர்ட்டின் பின்வாசல் வழியாக ஓடிவந்துவிட்டேன் என்றாயே, உன்னை நம்பி வந்த அந்தக் கட்சிக்காரர் முன்வாசலில்தானே நின்றிருப்பார்? அவருக்குக் கேஸின் அடுத்த தேதியை யார் சொன்னார்கள்? இதைப் படித்ததும் முதலில் அவரைக் கூப்பிட்டுப் பேசு, அப்புறம் எந்த முடிவு எடுத்தாலும் சரி.

முருகன் உனக்குத் துணையிருப்பான். வெறும் பிஸ்கட்டில் ஓட்டாமல் வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா,
சண்முகவடிவு செல்லத்துரை