இரண்டு மஞ்சள் வேட்டி

செடெனாக்,
திங்கட்கிழமை மத்தியானம்.

மதிப்புக்குரிய திருச்செல்வம் மாமாவுக்கு,

சாந்தினி வணக்கத்துடன் எழுதுவது. சிங்கப்பூரில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். இங்கே லோஷினி நலம், பள்ளிக்கூடம் போய் வருகிறாள். அடுத்து என் வீட்டுக்காரர், உங்கள் தம்பியும் நலம் என்று எழுத வேண்டும். அந்த வரியை விட்டுவிட்டேன். அவரைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பீர்கள். போன வாரம் நான் போனில் வாயை விட்டதிலிருந்து நீங்கள் என் நம்பரை எடுப்பதில்லை. என்னோடு வேலை செய்யும் ராசம்மா அக்காவின் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். என்னுடைய போனும் உங்கள் தம்பியுடையதும் இப்போது அரிசி டின்னுக்குள் கிடக்கின்றன. அவற்றின் வழியாக யாரோ நாங்கள் பேசுவதைக் கேட்கிறார்களாம். நான் அவற்றைத் தொட்டாலே உங்கள் தம்பி பதறுகிறார். அதனால் பிஸ்கட் பேக்டரி கேண்டீனில் உட்கார்ந்து, சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன். ராசம்மா அக்காவின் வீட்டுக்காரர் வேலு அண்ணன் தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறவர். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் இதைக் கிழித்துப் போடலாம். அதற்கு முன்னால் நாலு வரியாவது கண்ணில் படும் அல்லவா.

விஷயம் இதுதான். உங்கள் தம்பி மருந்தை நிறுத்திவிட்டார். தைப்பூச விரதத்துக்கு மாலை போட்ட அன்றே நிறுத்தியிருக்கிறார். எனக்குத் தெரிய வந்தது போன வாரம்தான். ஏன் என்று கேட்டால் உங்கள் வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினார். "விரதத்துல கேப்சூல் போடாதடா, அந்த உறைய மாட்டுல செய்யுறானுங்க, ஹலால்னு போட்டிருந்தா அது மாடுதான், சாமிக்கு ஆவாது" என்று உங்கள் குரல் சொல்கிறது. அதைக் கேட்ட சூட்டில்தான் உங்களை அப்படிப் பேசிவிட்டேன். நீங்கள் கெட்டது நினைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் தம்பி உங்கள் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வார் என்று உங்களுக்கும் தெரியும். ஒன்றை விடு என்று நீங்கள் சொன்னால் அவர் எல்லாவற்றையும் விடுவார்.

முன்பு நடந்ததை நீங்கள் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டதுதான். போர்க்லிஃப்ட் ஓட்டும்போது கூட வேலை செய்கிறவர்கள் வாக்கி டாக்கியில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றார். பிறகு ஒரு நாள் கொளுத்தும் வெயிலில் நெடுஞ்சாலை ஓரமாகத் தெற்கே நடந்துபோனார். அண்ணனைப் பார்க்கப் போகிறேன் என்றாராம். ரோந்து வண்டிக்காரர்கள் ஏற்றி வந்து விட்டார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு நர்ஸ் மிஸ்ஸி, ஹஸ்லினா என்று பெயர், மாதாமாதம் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். தூக்கம் வருகிறதா, வேலை எப்படி, கை நடுங்குகிறதா என்று நிதானமாகக் கேட்பார். உங்கள் தம்பி மறுபடி வேலைக்குப் போனார். லோஷினியைத் தோளில் தூக்கிக்கொண்டு பசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போனார். அந்த நேரத்தில்தான் தம்பி தேறினால் அலகு குத்திக் காவடி எடுப்பான் என்று நீங்கள் அங்கிருந்தே வேண்டிக்கொண்டீர்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முருகனும் மருந்தும் சேர்ந்துதான் அவரைத் தேற்றினார்கள் என்று நான் நம்புகிறேன். இப்போது இரண்டில் ஒன்றைப் பிடுங்கிவிட்டோம்.

இப்போதைய நிலைமையைச் சொல்கிறேன். அவர் சரியாகத் தூங்கவில்லை. டிவியைத் துண்டு போட்டு மூடிவிட்டார். கேட்டுக்கு இரண்டு பூட்டு. நான் சமைத்ததை முதலில் நானே ஒரு வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும், பிறகுதான் அவர் கை வைப்பார். லோஷினி சிரித்தால் ஏன் சிரிக்கிறாய், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கிறார். பிள்ளை இப்போதெல்லாம் ராசம்மா அக்கா வீட்டுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருகிறாள்.

அடித்தாரா என்று கேட்காதீர்கள். கை ஓங்கியதே இல்லை. மாமா, அவர் பயத்தில் இருக்கிற மனிதர். எனக்கு அவரைப் பார்த்துப் பயமில்லை, அவரை நினைத்துத்தான் பயம். இந்த நிலைமையில் அவரை மேளத்துக்கும் உறுமிக்கும் நடுவில், அத்தனை கூட்டத்தில், அலகு குத்தி எப்படி நிறுத்துவது?

வெள்ளிக்கிழமை மிஸ்ஸி வந்து கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டுப் பார்த்தார். இவர் திறக்கவில்லை. புதன்கிழமை மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மருந்தைப் போடச் சொல்லி நான் இவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். உங்கள் தம்பி ஒரே பதில்தான் சொல்கிறார். "அண்ணன் சொன்னா போடுறேன், அண்ணன் சொல்லாம தொட மாட்டேன்."

அதனால் உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி எழுதி வேலு அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். "டேய் ரூபா, மருந்தப் போடு, சாமி கோவிக்காது" என்று இருந்தால் போதும். என் மேல் உள்ள கோபத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பூசம் முடிந்து சாவகாசமாகத் திட்டலாம். முருகன் உங்கள் எல்லோரையும் நன்றாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி,
சாந்தினி.


செடெனாக்,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

சாந்தினி மறுபடியும் எழுதுவது. கடிதம் கண்டதற்கும் பதில் அனுப்பியதற்கும் நன்றி. நான் கேட்டது இரண்டு வரி. வந்தது விபூதிப் பொட்டலமும் எலுமிச்சம்பழமும். கூடவே, "சாமி காரியத்துல பொம்பள தலையிட வேணாம், பூசம் முடியட்டும்" என்று வாய்ச்சொல். வேலு அண்ணன் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொல்லிவிட்டுப் போனார். விபூதியை உங்கள் தம்பி நெற்றியில் நானே பூசிவிட்டேன். எலுமிச்சம்பழம் வாசலில் தொங்குகிறது. இதற்கு மேல் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

நேற்று மிஸ்ஸி வரும் நாள் என்று நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். லோஷினியைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பினால் இரண்டு பூட்டும் திறந்து கிடக்கின்றன. அவர் இல்லை. குளியலறை, பின்பக்கம், பக்கத்துக் கோயில் எல்லாம் ஓடிப் பார்த்தேன். செருப்பு வாசலிலேயே இருந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நெடுஞ்சாலைப் பக்கம் ஓடினேன். வாயில் முருகா என்றுகூட வரவில்லை மாமா, உங்களைத்தான் திட்டிக்கொண்டு ஓடினேன்.

டோல் போகும் வழியில், செம்பனைத் தோட்டத்து ஓரத்தில், மிஸ்ஸியின் கார் நின்றது. அவர் எங்கள் வீட்டுக்கு வருகிற வழியில், மஞ்சள் வேட்டியோடு வெறுங்காலில் நடந்துபோகிறவரைப் பார்த்து அடையாளம் கண்டு இறங்கியிருக்கிறார். கையைப் பிடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. லாரி போகிற பக்கத்தைத் தான் எடுத்துக்கொண்டு, அவரோடு கூடவே நடந்திருக்கிறார். எங்கே போறீங்க என்று கேட்டதற்கு அண்ணன் வீட்டுக்கு என்றாராம். வெயில் கொஞ்சம் தாழட்டும், அதுவரை வீட்டில் உட்காரலாம் என்று பேசிப் பேசித் திருப்பியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது மரத்தடியில் இருவரும் தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தார்கள். நானும் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்தோம். மாலை போட்ட வீடு என்று மிஸ்ஸி சப்பாத்தைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டுத்தான் வந்தார். வாசல் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். எங்க புவாசா நோன்பு மாசத்துலயும் இப்படித்தான் மருந்த நிறுத்திட்டு உட்காருவாங்க, நோன்பையும் விட வேணாம், மருந்தையும் விட வேணாம், நேரத்தை மாத்திக்கலாம் என்று மலாயில் சொன்னார். எந்த மருந்து கூடாதுன்னு நினைக்கிறீங்க, எடுத்துட்டு வாங்க பார்ப்போம் என்றார். உங்கள் தம்பி உள்ளே போய் ஒரு பையில் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டினார்.

ஆஸ்பத்திரி மருந்து வெறும் வெள்ளை மாத்திரை. அதற்கு உறையே கிடையாது. சுண்ணாம்புக் கட்டி மாதிரி அழுத்திச் செய்தது. மிஸ்ஸி ஒன்றை இரண்டாக உடைத்து அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அந்தக் குவியலில் கேப்சூல் என்று இருந்தது ஒரே ஒரு புட்டிதான். அது நீங்கள் தீபாவளிக்கு வரும்போது, மூளைக்கு நல்லது என்று சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது.

நான் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. உங்கள் தம்பி அந்தப் புட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போட்டுவிடுவார் என்று நினைத்துத் தண்ணீர்கூட எடுத்து வந்துவிட்டேன். கடைசியில், "அப்ப அண்ணன் வந்து சொல்லட்டும்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

மிஸ்ஸி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். டாக்டரிடம் அங்கிருந்தே போனில் பேசினார். சனிக்கிழமைக்குள் மருந்து உள்ளே போக வேண்டும். இல்லையென்றால் வார்டில் சேர்த்தே ஆக வேண்டும். வர மாட்டேன் என்றால் போலீஸ் துணையோடு கூட்டிப்போக வேண்டியிருக்கும், அது எனக்கும் பிடிக்காது, ஆனால் நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பதைவிட அது மேல் என்றார். அலகு இந்த வருஷம் வேண்டவே வேண்டாம், தூங்காத உடம்பு தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருந்து போட்டு, தூங்கி எழுந்து, மனசு நிலைத்தால் உங்களில் யாராவது ஒருவர் கூடவே இருக்க, கோயிலுக்கு வந்து கும்பிட்டுப் போகலாமாம்.

கிளம்பும்போது மிஸ்ஸி என்னைப் பார்த்து, நீங்க தூங்குறீங்களா, நீங்க சாப்பிடுறீங்களா என்று கேட்டார். இத்தனை நாளில் இதை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதேன். ஆஸ்பத்திரியில் என்னைப் போல் வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் கூடி உட்கார்ந்து பேசுவார்களாம், என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். போவேன்.

நேற்று சாயங்காலம், வேலு அண்ணனை உங்கள் தம்பிக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு நம் கோயில் குருக்களைப் போய்க் கேட்டேன். சாமி காரியத்தில் பொம்பளை தலையிட்டுவிட்டேன், மன்னியுங்கள். வேண்டுதலை நேர்ந்துகொண்டவரே செலுத்தலாமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அதானேம்மா முறை, நேந்துக்கிட்டவங்கதான் மொதல்ல செலுத்தணும்" என்றார்.

மாமா, தம்பி காவடி எடுப்பான் என்று வேண்டிக்கொண்டது உங்கள் வாய். தோள் மட்டும் அவருடையது. இந்த முறை காவடியை நீங்கள் எடுங்கள். மயிலிறகு வைத்து அவர் கட்டிய காவடி வாசலில் தயாராக இருக்கிறது. அதைத் தன் கையால் உங்கள் தோளில் ஏற்றிவிட்டால் அவர் மனசு ஆறும். அவர் உங்களுக்குப் பக்கத்தில் நடக்கட்டும், முடியாவிட்டால் வீட்டில் படுத்துத் தூங்கட்டும். நேர்த்திக்கடனும் தீரும், என் புருஷனும் எனக்கு மிஞ்சுவார்.

எனக்கு இனிமேல் உங்கள் கையெழுத்து வேண்டாம். நீங்களே வாருங்கள். நாளைக்கு வேலை முடிந்ததும் பஸ் ஏறினால் பாலத்தில் எத்தனை நெரிசல் இருந்தாலும் வந்து சேர்ந்துவிடலாம். இதுவரை வராததற்குக் காரணம் எதுவும் நான் கேட்க மாட்டேன். தேறிய தம்பியைப் பார்க்க தீபாவளிக்கு வந்தீர்கள், தேறாத தம்பியைப் பார்க்க உங்களுக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். எனக்கும் தினமும் அதே பயம்தான். வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். மாத்திரையை உங்கள் கையால் கொடுங்கள். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

எனக்கு ஏதாவது நேர்ந்தால் லோஷினியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. நீங்கள் வருவீர்கள்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. போகிற வழியிலும் வருகிற வழியிலும் வேலன் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
சாந்தினி.

பி.கு.: இன்று காலையில் அவர் வேட்டி துவைத்தார். கொடியில் இரண்டு மஞ்சள் வேட்டி காய்கிறது. ஒன்று அவருடையது, இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன். "அண்ணன் வரும்ல" என்றார்.