நூற்றெட்டுக் குழாயும் ஒரு ஸ்டென்ட்டும்

ஆகஸ்ட் 11, திங்கள்

என் உடம்பை என்னைக் கேட்காமல் ஒரு மலைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள் என் மனைவி. இன்று இரண்டாவது தோசையின்போதுதான் தெரிந்தது.

இரண்டு வருடம் முன்பு எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த அன்று, ஆஸ்பத்திரி வராண்டாவில் வெள்ளையம்மாள் வேண்டிக்கொண்டாளாம். நான் பிழைத்தால் நேபாளத்து முக்திநாத் கோயிலில் நூற்றெட்டுக் குழாயிலும் என்னைக் குளிக்க வைப்பதாக. பனி உருகி வருகிற தண்ணீர்.

"இவ்ளோ நாள் ஏன் சொல்லலை?"

"சொன்னா பாடம் எடுப்பீங்க."

அவள் தம்பி அருணகிரி அக்டோபரில் அங்கே ஒரு குழுவைக் கூட்டிப்போகிறான். எங்களுக்கும் இடம் பிடித்தாயிற்று. "ஜில்லுனு இருக்கும் மாமா, அவ்ளோதான்" என்கிறான்.

ஊரிலேயே நெருப்பாக நிற்கிற சாமி இருக்க, ஐஸ் வைத்திருக்கிற சாமியிடம் ஏன் போனாய் என்று கேட்டேன்.

"அன்னிக்கு யாரு கேப்பாங்கன்னு தெரியலை. எல்லார்கிட்டயும் கேட்டேன்."



ஆகஸ்ட் 13

பாடம் எடுத்தேன். முப்பத்திரண்டு வருடம் விலங்கியல் நடத்திய வாய் சும்மா இருக்குமா?

எங்கள் ஊரில் கார்த்திகை தீபத்தன்று போலீஸ் சின்னத் தெருக்களையெல்லாம் அடைத்துவிடுகிறது. கூட்டம் என்ன ஆவியாகிவிடுமா? தேரடி வீதியில் வந்து நெருக்கும். குளிரிலும் அதே கதை. தோலில் இருக்கிற ரத்தக்குழாய்கள் சூடு போகாமலிருக்கச் சுருங்கிக்கொள்ளும். ரத்தம் நடுவுக்கு வரும், அழுத்தம் ஏறும், அந்தக் கூட்டத்தைத் தள்ளுகிற வேலை இதயத்துக்கு. உள்ளே தண்ணீர் ஜாஸ்தி என்று உடம்பு தப்பாக நினைத்து, சிறுநீராக வெளியே அனுப்பும்.

"அதான் மார்கழில நீங்க பத்து வாட்டி எழுந்துக்கிறீங்களா?"

மாணவி கவனித்திருக்கிறாள். ஆனால் வேண்டாததைக் கவனித்திருக்கிறாள்.

துருவத்து மீனவர்களைச் சொன்னேன். பனித்தண்ணீரில் கைவிட்டால் அவர்கள் விரல்களின் ரத்தக்குழாய் மூடும், சீக்கிரமே கொஞ்சம் திறந்து சூடு விடும், மறுபடி மூடும். தலைமுறை தலைமுறையாகக் குளிரில் இருப்பவர்கள். நான் வேங்கிக்கால் வெயிலில் வெந்தவன்.

"அவங்க பழகலை? நீங்களும் பழகுங்க."

ஆகஸ்ட் 20

வேண்டுதலை இதய டாக்டர் அம்மா சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். "அந்த உயரமே யோசிக்கணும் சார். குளியல் வேண்டவே வேண்டாம். தலையில தெளிச்சுக்குங்க."

வெளியே வந்ததும் வெள்ளையம்மாள்: "தெளிக்கிறேன்னா வேண்டிக்கிட்டேன்?"

ஆகஸ்ட் 24

டாக்டருக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். திரும்பத் திரும்பக் குளிர்ந்த நீரில் இறங்கினால் முதல் அதிர்ச்சி குறைந்துகொண்டே வரும். இது உண்மை. ஆரோக்கியமான இளைஞர்களுக்கு உண்மை என்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வாளியில் போட்டேன். முதல் சொம்பில் மூச்சு மேலே போய் அங்கேயே நின்றது. கதவுக்கு வெளியே குரல்:

"எத்தனை ஆச்சு?"

"நாலு."

"இன்னும் நூத்தி நாலு."

ஐந்தாவதில் இதயம் ஒரு துடிப்பை விட்டது. பிறகு இரண்டு சேர்ந்து வந்தது. முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன். சோப்பு தேடுகிறேன் என்று சொன்னேன்.

அவளிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லலை? தைரியமா? மண்ணாங்கட்டி. அவ மூஞ்சி வாடிடும்னு பயம்.

செப்டம்பர் 2

நேரில் காட்டினால்தான் புரியும் என்று ஒரு செய்முறை. கை மணிக்கட்டுவரை ஐஸ் தண்ணீரில், ஒரு நிமிடம். மறு கையில் பிபி மெஷின். எனக்கு முதலில் 132, ஐஸில் 150.

"பார்த்தியா?"

"பதினெட்டு ஏறினதுக்கா இந்த ஆட்டம்?"

ஒப்பிட ஒரு ஆள் வேண்டும் அல்லவா? அவள் கையில் மாட்டினேன். ஐஸில் வைப்பதற்கு முன்பே 168. மெஷின் கெட்டுவிட்டது என்றேன். மறுபடி, 170. ஐஸில் கை வைத்தாள். 210.

ஒரே இழுப்பில் அவள் கையை வெளியே எடுத்தேன். வாளி கவிழ்ந்து கூடம் முழுக்கத் தண்ணீர். "யாரு துடைக்கிறது?" என்றாள். நான் துடைத்தேன்.

செப்டம்பர் 10

ஒரு வாரம் வேறு வேறு நேரத்தில் அளந்து எழுதி டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை எழுதிவிட்டார்.

"தலைவலி எத்தனை நாளாம்மா?"

"இவருக்கு ஸ்டென்ட் வெச்சதுலேர்ந்து."

ரெண்டு வருஷம். மெஷின் மேஜை மேலயே கெடந்துது. தெனம் என் கையில மட்டும் மாட்டிக்கிட்டு, நம்பரை அவகிட்ட சத்தமா படிச்சுக் காட்டினேன். நான் என்ன வாத்தியார்?

செப்டம்பர் 12

"நீங்க வராதீங்க. உங்களுக்குப் பதிலா நான் நனைஞ்சுட்டு வரேன்" என்கிறாள்.

கத்தினேன். அவளும் கத்தினாள். பக்கத்து வீட்டு டிவி சத்தம் குறைந்தது.

கடைசியில் சொன்னேன்: "அங்க நீ விழுந்தா நான் எந்த சாமிகிட்டடி வேண்டிக்கிறது? எனக்கு யாரையும் பழக்கமில்லையே."

அவள் உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பர் 13

காலையில் தம்பிக்குப் போன் போட்டாள். "ரெண்டு டிக்கெட்டையும் வேற யாருக்காவது குடு. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

அக்டோபர் 6

அருணகிரி குழு கிளம்பியது. இன்று பிபி 138. என்னுடையது அல்ல, அவளுடையது.

அக்டோபர் 18, சனி

அருணகிரி வந்தான். மூக்கு உரிந்து, குரல் கட்டி. "முப்பதாவது குழாயில எனக்கு என் பேரே மறந்துபோச்சு மாமா." ஒரு லிட்டர் பாட்டிலில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்திருந்தான்.

அவன் போனதும் வெள்ளையம்மாள் அதைக் குண்டானில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே, "வெதுவெதுப்பா இருந்தா சாமி ஒண்ணும் சொல்லாது" என்றாள்.

பாத்ரூமில் என்னை உட்கார வைத்து ஸ்பூன் ஸ்பூனாகத் தலையில் விட்டாள். நூற்றெட்டு. நான் எண்ணினேன், அவள் சரிபார்த்தாள்.

"எழுந்திரிங்க" என்று முக்காலியில் அவள் உட்கார்ந்தாள். ஸ்பூனை என் கையில் கொடுத்தாள்.

தொண்ணூற்றிரண்டில் குண்டான் காலி.

"தீந்துபோச்சு. இன்னும் பதினாறு."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "கீசர் போட்டிருக்கேன். பிடிச்சு ஊத்துங்க."