தக்கை விழும் காட்சி

அன்புள்ள தடி அண்ணனுக்கு,

தக்கையின் தங்கை எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். நீங்கள் நலமாக இருப்பது போஸ்டரைப் பார்த்தாலே தெரிகிறது.

கடிதம் எழுதச் சொன்னது தக்கைதான். சொன்னது ஒரே விஷயம்: “படம் பிரமாதம்னு எழுது. பாவம், மொத தடவ ஹீரோவா நடிச்சிருக்கான், மனசு ஒடஞ்சு போயிருப்பான்.” எழுதிவிட்டேன். இதற்குக் கீழே இருப்பதெல்லாம் நான் எழுதுவது. அவனுக்குத் தெரியாது.

படம் மட்டம். தியேட்டரில் டிக்கெட் கிழிப்பது, டார்ச் அடித்து இருக்கை காட்டுவது, ஆட்டம் முடிந்ததும் பாப்கார்னைப் பெருக்குவது என் வேலை. அதனால் மூன்று வாரத்தில் அறுபது தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன். கூட்டம் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறது. நேற்று ஒருவர் வெளியே போகும்போது, “ஏம்மா, தலகாணியும் குடுத்திருக்கலாமே” என்றார்.

உங்கள் இருவருடைய பழைய சனிக்கிழமை டிவி நாடகத் துண்டுகள் மட்டும் எல்லார் போனிலும் ஓடுகின்றன. தடியும் தக்கையும் வந்தால் கேண்டீன்காரி வியாபாரத்தை விட்டுவிட்டுச் சிரிக்கிறாள். கீழே ஆயிரம் பேர் “அது ஒரு பொற்காலம்” என்று எழுதியிருக்கிறார்கள். தக்கை இப்போது எங்கே என்று யாராவது கேட்டிருக்கிறார்களா என்று தேடினேன். ஒருவர் கேட்டிருந்தார். “செத்துட்டார்னு நெனைக்கிறேன்” என்று இன்னொருவர் பதில் போட்டிருந்தார். அதற்கு நாற்பது பேர் அழுகிற பொம்மை போட்டிருந்தார்கள். அவர்கள் அழுவது தங்களுடைய சின்ன வயசுக்கு. அவனுக்காக இல்லை.

எங்கள் முன்னறையில் மெத்தையை விரித்து நீங்கள் பழகியது நினைவிருக்கிறதா? “விழறதெல்லாம் ஒரு தொழிலாடா?” என்று அம்மா கத்துவாள். அவன் விழுவான். பத்து எண்ணும்வரை கட்டைபோல் கிடப்பான். நீங்கள் மேலே நின்று திட்டுவீர்கள். பத்தாவது எண்ணில் ஒரே ஒரு விரலைத் தூக்குவான். சிரிப்பு அங்கேதான். எவ்வளவு தாமதித்துத் தூக்குகிறானோ அவ்வளவு சிரிப்பு.

எட்டு மாதத்துக்கு முன்பு உங்கள் படப்பிடிப்பில் அந்தப் படிக்கட்டிலிருந்து அவன் விழுந்தபோதும் அதைத்தான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். மெத்தை போட்டால் கேமராவில் தெரியும் என்று போடவில்லை. யாரும் ஓடிப்போய்ப் பார்க்கவில்லை. பத்து ஆயிற்று, இருபது ஆயிற்று. யாரோ கைதட்டினார்களாம். “புதுசா எதோ இழுக்கறான்னு நெனச்சுட்டோம்மா” என்று மேக்கப்காரர் என்னிடம் அழுதார். அப்புறம் கையையும் காலையும் பிடித்து மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்படித் தூக்கியிருக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

அதே விழுதல்தான் படத்தில் இருக்கிறது. சர்வர் உடுப்பில், முதுகைக் காட்டிக்கொண்டு விழுகிறான். மேளச் சத்தம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். படம் முழுக்க ஜனங்கள் சிரிக்கிற ஒரே இடம் அது. ஒரு நாளைக்கு நான்கு ஆட்டம். நான்கு தடவையும் வாசல் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அவன் மேல் குனிந்து நீங்கள் திட்டுகிறீர்கள். டப்பிங்கில் வேறு வசனம் பேசியிருக்கிறீர்கள், உதட்டை மாற்ற முடியவில்லை. “போதும்டா, வெரலத் தூக்கு” என்றுதான் உதடு சொல்கிறது. பிறகு ஒரு நொடி உங்கள் முகம் மாறுகிறது. அங்கே வெட்டிவிடுகிறார்கள். இரண்டரை மணி நேரத்தில் நீங்கள் நடிக்காத இடம் அந்த ஒரு நொடிதான்.

படக் கம்பெனி தொழிலாளர் அலுவலகத்தில் என்ன எழுதிக்கொடுத்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அவன் நண்பனைப் பார்க்க வந்தவனாம், விளையாட்டாக ஏறி வழுக்கினானாம், படத்தில் விழுவது வேறு ஆளாம். அடியில் உங்கள் கையெழுத்து. உங்களுக்கு அடுத்த படம் இருக்கிறது, அதைக் காட்டித்தான் வாங்கியிருப்பார்கள். புரிகிறது. புரிந்தால் கோபம் போய்விடும் என்று யார் சொன்னது?

படத்தில் விழுகிறவனின் இடது காலுறையில் சிவப்பு நூல் தையல் தெரிகிறது. அது நான் தைத்தது. விசாரணை அதிகாரியிடம் சொன்னேன். நல்ல மனிதர். “தங்கச்சி சொன்னா செல்லாதும்மா, பக்கத்துல நின்னவர் சொல்லணும்” என்றார். வேலையில் அடிபட்டவன் என்று அவர் எழுதினால்தான் அதற்கான சிகிச்சை நிலையத்தில் படுக்கை தருவார்கள். இல்லையென்றால் எங்கள் முன்னறைதான். இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் அம்மாவும் நானும் புரட்டிப் போடுகிறோம். அப்படியும் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். இரண்டு தடவை நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மூன்றாவது தடவையை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தக் கையெழுத்து விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் “தடி வந்துட்டானா பாரு” என்கிறான். நேற்று, “என் சீனுக்குச் சிரிச்சாங்களா?” என்று கேட்டான். கொட்டகையே அதிர்ந்தது என்றேன். “பாத்தியா!” என்றான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தான். ஏழுக்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வரும் புதன்கிழமை காலை பதினோரு மணிக்குக் கடைசி விசாரணை. தொழிலாளர் அலுவலகம், இரண்டாவது மாடி. நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வரி.

கை கால் சுகத்தோடு நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் வேண்டிக்கொள்கிறாள். அவளுக்கும் நான் இன்னும் எதையும் சொல்லவில்லை.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. படி வழுக்கும். பார்த்து ஏறி வாருங்கள், அண்ணா.

இப்படிக்கு,
உங்களையும் அண்ணன் என்றே கூப்பிட்டு வளர்ந்த
தங்கை