இடது பக்கம் வந்த பந்துகள்

புதன்கிழமை, மதிய இடைவேளை

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுவது. அம்மா, மாமா, நான் மூவரும் நலம். நீ நலமா என்று வழக்கம்போல ஒரு வரியில் கேட்டுவிட்டுப் போக முடியவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதமே.

லீக் முடிந்து வந்த பிளேஆஃப் ஆட்டங்கள் முடியும்வரை உங்கள் ஃபோன்களையெல்லாம் பயிற்சியாளர் வாங்கி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் பத்து நிமிடத்தையும் அம்மாவே எடுத்துக்கொள்கிறாள். அணி அலுவலகத்தைக் கூப்பிட்டால், "வீட்டு விஷயம்னா ஞாயித்துக்கிழமை பேசுங்கம்மா" என்கிறார்கள். அதனால்தான் ஹாக்கி ஸ்டிக்குகளைப் பழுதுபார்க்க ஊருக்கு வந்த, அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் கிட் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

லீக் ஆட்டங்களில் இருபத்திரண்டு கோல் போட்டவன், பிளேஆஃபில் நான்கு ஆட்டமாக ஒரு கோல்கூடப் போடவில்லை என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? தெருவுக்கு நாலு பயிற்சியாளர்கள் முளைத்திருக்கிறார்கள். பல் டாக்டர் என் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே, "தம்பி ஸ்டிக் பிடிக்கிறதே தப்பும்மா" என்றார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்வது? டிவியில் பேசுகிறவர்கள் உனக்குத் தலைக்கனம் என்கிறார்கள். மாமா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாற்காலியை ஒரு இடத்தில் மாற்றிப் போட்டுப் பார்க்கிறார். கடைசி ஆட்டத்தைச் சமையலறை வாசலில் உட்கார்ந்து பார்த்தார். அதுவும் பலிக்கவில்லை.

எனக்கும் நீ பதற்றத்தில் ஆடுகிறாய் என்றுதான் தோன்றியது, போன ஞாயிறு வரை. உன்னோடு பேசிவிட்டு வந்த அம்மா, "பாவம், ரூம்ல ஒரே கொசுவாம். கண்ணு முன்னாடியே பறக்குதாம், அடிச்சா சிக்க மாட்டேங்குதாம்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் தங்கியிருப்பது ஒன்பதாவது மாடி, திறக்க முடியாத ஜன்னல், நாள் முழுக்க ஏசி. அங்கே ஏதுடா கொசு?

நான்கு ஆட்டங்களையும் சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தேன். கோல் வட்டத்துக்குள் வலது பக்கமிருந்து உனக்கு வந்த பந்துகளில் ஒன்றைக்கூட நீ விடவில்லை. இடது பக்கமிருந்து வந்தவை பதினொன்று. அதில் ஒன்பதை விட்டிருக்கிறாய். பந்து உன்னைத் தாண்டிய பிறகுதான் ஸ்டிக் இறங்குகிறது. இப்போதெல்லாம் தலையை முழுதாக இடப்பக்கம் திருப்பிப் பார்க்கிறாய். முன்பு நீ அப்படிப் பார்ப்பவன் இல்லை.

இப்போதே ஒன்று செய். வலது கண்ணைக் கையால் மூடிக்கொள். நேரே சுவரைப் பார். இடது கை விரலைக் காதுக்குப் பக்கத்திலிருந்து மெல்ல முன்னால் கொண்டு வா. விரல் எப்போது தெரிகிறது? அந்தப் பக்கம் திரை போட்டதுபோல் இருட்டாக இருக்கிறதா? அவ்வப்போது மின்னல்போல வெளிச்சம் அடிக்கிறதா? அப்படியானால் அது கொசு இல்லை, விழித்திரை. சுவரிலிருந்து ஈரக் காகிதம் உரிவதுபோல உரிந்துகொண்டே போகும். வலிக்காது, அதுதான் அதன் சூழ்ச்சி. இன்றைக்கே அணி மருத்துவரிடம் சொல். சனிக்கிழமை ஆட்டம் வரை வைத்துக்கொண்டிருக்காதே.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

கவலையுடன்,
அக்கா


வெள்ளிக்கிழமை காலை

தம்பிக்கு,

நேற்று மாலை கிட் அண்ணன் கூப்பிட்டார். நீ கடிதத்தைப் படித்தாயாம். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாயாம். பிறகு அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டாயாம். "அக்காகிட்ட சொல்லிடுங்க, அரையிறுதி மூணாவது ஆட்டம் முடியட்டும், பார்த்துக்கறேன்னு. வேற யார்கிட்டயும் வாயத் தொறக்க வேணாம்னும் சொல்லுங்க" என்றாயாம்.

ஒன்றுமில்லை என்று நீ சொல்லி அனுப்பவில்லை. அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அரையிறுதி ஆளுக்கொரு வெற்றியில் நிற்கிறது, நாளை நடப்பதுதான் முடிவான ஆட்டம், இந்த ஆட்டத்துக்காகப் பத்து வருடம் ஓடியிருக்கிறாய். எல்லாம் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். காலை எட்டு மணிக்கு அணி அலுவலகத்தைக் கூப்பிட்டு, மருத்துவரைக் கொடுக்கும்வரை ஃபோனை வைக்க மாட்டேன் என்று சொல்லி, அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் கூரியரில் உன் கைக்கு வரும்போது அவர் உன் கதவைத் தட்டியிருப்பார்.

என்னைத் திட்டு. ஆனால் அவரோடு போ.

அக்கா


அடுத்த புதன்கிழமை

அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை நீதான் அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும். கண் அறுவைக்குப் பிறகு டாக்டர் சொன்னபடி ஆஸ்பத்திரியில் குப்புறவே படுத்திருப்பவன் கையில் கொடுத்துப் பயனில்லை. வேண்டாம் என்று சொன்னாலும் படி. எந்த வரியையும் விழுங்கிவிடாதே. முக்கியமாக, படித்தால் உனக்கே என்மேல் கோபம் வருகிற இடத்தை.

தம்பிக்கு,

சனிக்கிழமை காலை உன்னை அறுவை அறைக்குள் கொண்டுபோனார்கள். அன்று மாலை உன் அணி ஒரு கோலில் தோற்றது. நானும் மாமாவும் பார்த்தோம். கடைசி நிமிடத்தில் இடது ஓரத்திலிருந்து ஒரு பந்து கோல் வாசலைக் கடந்து போனது. அங்கே ஆள் இல்லை. மாமா எழுந்து டிவியை அணைத்துவிட்டு, நாற்காலியை அதன் பழைய இடத்தில் கொண்டுபோய்ப் போட்டார்.

இன்னும் ஒரு நாள் ஓடியிருந்தால் பார்வையின் நடுப்பகுதியும் போயிருக்கும் என்று கண் டாக்டர் சொன்னதாக அம்மா சொன்னாள். நேற்று கட்டைப் பிரித்து விரல்களைக் காட்டினாராம். நீ "மூணு" என்று சரியாகச் சொன்னாயாம். அம்மா வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்திருக்கிறாள். ஓரத்தில் கொஞ்சம் நிழல் நிற்கும், ஆறு மாதம் ஸ்டிக்கைத் தொடக்கூடாது, அதற்குப் பிறகு ஆடலாமா என்று இப்போது சொல்ல முடியாது என்றாராம். ஃபோனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் காதை விட்டுப் போகவில்லை.

"அவ வர வேணாம். ஒரு நாள் பொறுத்திருந்தா என்ன குடியா முழுகிப்போயிருக்கும்?" என்று நீ சொன்னதையும் அம்மா மறைக்கவில்லை. உனக்கு என்மேல் கோபம் இருக்கத்தான் செய்யும். ஆனால் நீ தப்பான காரணத்துக்காகக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறாய். சரியானதை நானே சொல்கிறேன்.

கடைசி லீக் ஆட்டத்தில் இடது புருவத்தில் பந்து பட்டு, மறுநாள் வீங்கிய முகத்தோடு என் கண்ணாடிக் கடைக்கு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? வெளியே உங்கள் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் தடையில்லாமல் படித்தாய். அடிபட்ட கண் என்றால் அதோடு விடக்கூடாது. சொட்டு மருந்து போட்டு, அரை மணி காத்திருந்து, பெரிய டாக்டரிடம் அனுப்பி உள்ளே பார்க்கச் சொல்ல வேண்டும். பதினாலு வருடமாக முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அதைத்தான் செய்கிறேன். நீ அவசரப்பட்டாய். நானும் உன் முகத்தைப் பார்த்தேனே தவிர கண்ணைப் பார்க்கவில்லை. "ஒண்ணுமில்ல, ஓடுடா" என்று முதுகில் தட்டி அனுப்பினேன். அணிக்குக் காட்டும் உன் மருத்துவ அட்டையில் "கோளாறு இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அன்று பிடித்திருந்தால் விழித்திரையில் சின்னக் கிழிசலாக இருந்திருக்கும், லேசரில் அரை மணி வேலை. நீ எல்லா ஆட்டமும் ஆடியிருப்பாய்.

அம்மா, இந்த இடத்தைத்தான் சொன்னேன். படித்துவிட்டாய் அல்லவா?

தம்பி, உன்னைக் காப்பாற்றிய அக்கா என்று மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்கக் கேட்கக் கூசுகிறது. அதனால்தான் முதலில் உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். நீ வேண்டாம் என்றாலும் வருவேன். பேச வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். குப்புறக் கிடப்பவன் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் கட்டிலுக்கு அடியில் தரையில் மல்லாந்து படுத்தால்தான் முடியும் என்று அம்மா சொன்னாள். படுத்துக்கொள்கிறேன். என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் கண்ணை மூடிக்கொள். ஆனால் ஒரே ஒரு முறை, அந்த இடது கண்ணைத் திறந்து என்னை நன்றாக முறைத்துவிட்டு மூடிக்கொள்.

அந்தக் கண் நூறு வருடம் பார்க்கட்டும்.

உன் அக்கா