முகத்தில் கொஞ்சம் சோகம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். கடற்கரைப் பயணம் முடிந்து நானும் அத்தையும் நேற்று வீடு வந்து சேர்ந்தோம். நீ சுற்றி வளைத்துக் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், நான் அழவில்லை. அப்பா போனதிலிருந்து நான் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை என்று நீயும் அத்தையும் போனில் பேசிப் பேசி, கடலைப் பார்த்தால் மனசு கரையும் என்று முடிவு கட்டித்தான் இதை ஏற்பாடு செய்தீர்கள் என்பது ரயிலிலேயே தெரிந்துவிட்டது. அத்தை வாயில் ரகசியம் தங்குமா. கோபமில்லை. ஆனால் கடல் எனக்குப் புதிதா என்ன, வாரந்தோறும் பாட்டிலில் அடைபட்டு ஆய்வுக்கூடத்தில் என் மேசைக்கு வருகிறது, உப்பையும் கிருமியையும் பார்த்து எழுதி அனுப்புகிறேன்.

இடம் அழகுதான், குறை சொல்ல மாட்டேன். அத்தை விடாமல் பார்க்கும் டிவி தொடரில் வரும் அதே சரிவு, அதே வளைந்த சாலை, கடலுக்குள் நீண்டு நிற்கும் அதே பாறை. "அண்ணி, இந்த வளைவுலதான் கார் உருண்டுச்சு, இந்த வாசல்லதான் மாமியார்காரி அவள வெளிய தள்ளினா" என்று சொந்தக்காரர் வீட்டுக் கதை போல அத்தை சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த வீட்டில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், "மாமியார் இங்கே இல்லை, மணி அடிக்காதீர்கள்" என்று பலகை மாட்டியிருக்கிறார். அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் செருப்பு கடித்தது, அது மட்டும்தான் தெரிந்தது.

அந்தத் தொடரில் கதாநாயகி திரும்பி வராத கணவனுக்காகக் காத்திருப்பாளே, அந்தப் பாறையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசை நிற்கிறது. அவள் போர்த்தியிருக்கும் சிவப்புச் சால்வையையும் வாடகைக்குத் தருகிறார்கள். அத்தை அதை என் தோளில் போட்டு உட்கார வைத்தாள், மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் உட்கார்ந்தேன். படம் எடுப்பவர், "அக்கா, கடலைப் பாருங்க, அவர் இனிமே வரமாட்டாருன்னு நெனச்சுக்கங்க" என்றார். நினைத்தேன். கேமராவை இறக்கிவிட்டு, "சோகம் பத்தலைக்கா" என்றார். அத்தைக்கு வந்ததே கோபம், "ஏம்ப்பா, அவங்க வீட்டுக்காரர் போயி ரெண்டு மாசம்கூட ஆகல, இன்னும் எவ்வளவு சோகம் வேணும் உனக்கு" என்று கத்திவிட்டாள். கத்தியவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் லேசாக வந்தது, விஷயம் புரியாமல் வரிசையில் இரண்டு பேரும் சிரித்தார்கள். அத்தைக்கு மட்டும் அது நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், அப்புறம்தான் அது சிரிப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது. "வந்தவங்க போனவங்க எல்லாரும் எங்கிட்ட அண்ணி எப்படி இருக்காங்கன்னுதான் கேட்டாங்க, போனது எங்க அண்ணன், நான் எப்படி இருக்கேன்னு ஒரு ஆளு கேக்கல அண்ணி" என்றாள். நானும்தான் கேட்கவில்லை. சால்வையை அவளுக்குப் போர்த்தி முதுகில் கை வைத்தேன். அவள் முதுகு குலுங்கியது, என் கை அசையாமல் இருந்தது, அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். படக்காரர் வரிசையைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவரும் திரும்பி நின்றுகொண்டார்.

என்னை விடு. அழுகை வரும்போது வரட்டும், வராவிட்டாலும் வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன். நீ குளிரில் காதை மூடிக்கொண்டு போ, ராத்திரி சாப்பாட்டை ரொட்டியோடு முடித்துக்கொள்ளாதே. எந்தக் குறையும் அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குப் போன் செய்வாய் அல்லவா, இந்த முறை என்னைப் பற்றிக் கேட்காதே, அவள் எப்படி இருக்கிறாள் என்று கேள். "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்றுதான் முதலில் சொல்வாள். அப்போது போனை வைத்துவிடாதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா