காலி வீடு என்று குறித்திருக்கிறார்கள்

ஹத்ரமவுத்

ஷுஜூனின் அப்பாவுக்கு, பஹ்ஜா எழுதுவது. உங்கள் மேல் சாந்தி உண்டாகட்டும். ரியாத்தில் வேலையும் உடம்பும் நலம்தானே? நேற்று அடித்த காற்றில் இங்கே தொலைபேசிக் கோபுரம் சாய்ந்துவிட்டது. அதனால்தான் தேன் லாரி ஓட்டும் ஸாலிம் கையில் இந்தக் கடிதம்.

உங்கள் தம்பி பகீத்தின் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளத் தடுப்பு அலுவலகத்துக்காரர்கள் ட்ரோன் பறக்கவிட வந்தார்கள். வழிகாட்டி இவர்தான். காட்டாறு எதுவரை ஏறும், எந்த வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று மேலிருந்தே பார்க்கிறார்களாம். இந்த நாட்டில் அது தலைக்கு மேல் பறந்து குண்டு போட்டதுதான் உண்டு, யாருக்கு நல்லது நடந்திருக்கிறது? மொட்டைமாடியில் நாங்கள் முக்காடு இல்லாமல் இருப்போம் என்றுகூடத் தெரியாதா? பக்கத்து வீட்டு தமனா, "அதுக்குக் கண்ணு இருக்குதாம்டி, வெக்கம்தான் இல்லையாம்" என்றாள். தெருப் பெண்கள் எல்லோரும் துணி உலர்த்துவதை நிறுத்தினோம். படுக்கைகளையும் இறக்கி, மாடிக் கதவைச் சாத்திவிட்டோம்.

அதுதான் வினையாகிவிட்டது. துணி காயாத மாடி என்றால் ஆளில்லாத வீடு என்று அவர்கள் குறித்துக்கொண்டார்களாம். மற்ற வீட்டு ஆண்கள் போய்த் திருத்திக்கொண்டார்கள். எனக்கோ இன்றுதான் தெரிகிறது, அதுவும் பகீத் வாயால். "அண்ணி, மலைமேல பேய் மழையாம். ட்ரோன்ல பாத்துட்டாங்க. அவங்க படத்துல இது காலி வீடு, மீட்பு வண்டி நம்ம வாசல்ல நிக்காது. கெளம்புங்க" என்றார். "நீங்க திருத்தச் சொல்லலையா?" என்று அவரைக் கேட்டேன். "சொன்னேன். வீடு அண்ணன் பேர்ல இருக்கு, அவர்தான் பேசணும்னுட்டாங்க" என்றார். நல்ல பதில்! பாகம் பிரித்தபோது இந்த வீடு உங்களுக்கு வந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்தவள் நான். காலி என்று குறித்த வீட்டை நானே காலி செய்துகொடுத்தால், அப்புறம் இதற்கு அவர்தானே பூட்டுப் போடுவார்?

மண் சுவர் தண்ணீரில் நிற்காது என்று எனக்கும் தெரியும். ஆற்றில் செந்தண்ணீர் வரத் தொடங்கிவிட்டது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் படியிறங்கவில்லை. "ஒங்க பிடிவாதத்துக்குப் புள்ளையும் சாகணுமா?" என்று பகீத் கத்தினார். ஷுஜூனைத் தூக்கி அவர் தோளில் வைத்துவிட்டேன். அவள் அழவில்லை, சித்தப்பாவின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள். இந்நேரம் மேட்டுக்குப் போயிருப்பார்கள். வீட்டு விஷயத்தில் அவரை நம்ப மாட்டேன். ஆனால் பிள்ளையைக் கொடுக்க அவரைத் தவிர வேறு யாரும் தோன்றவில்லை. இது என்ன மனசோ, போங்கள்.

ஸாலிம் லாரியில் ஏறச் சொல்லி ஹாரன் அடிக்கிறான். நான் ஏறப்போவதில்லை. சிக்னல் கிடைத்ததும் இதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பும்படி அவனிடம் சொல்லியிருக்கிறேன். பார்த்ததும் வேலையைப் போட்டுவிட்டு வெள்ளத் தடுப்பு அலுவலகத்துக்குப் பேசுங்கள். உங்கள் மனைவி வீட்டில்தான் இருக்கிறாள் என்று சொல்லுங்கள். அதற்கு அப்புறம் பகீத்திடம் பேசுங்கள். பிள்ளை சாப்பிட்டாளா என்று மட்டும் கேளுங்கள், வேறெதுவும் கேட்க வேண்டாம்.

இறைவன் உங்களை நீண்ட ஆயுளோடு வைத்திருக்கட்டும். அவளுக்கு நீங்களாவது வேண்டும்.

பஹ்ஜா